ஆக்கர்லி மில் கோட்டில் கம்பளி முளைத்த கதை

சந்தோஷத்தை மறைத்து வைப்பதில் இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் கிரிம்பிள்டன்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. லாட்டரி விழுந்தாலும் "மோசமில்லை" என்பார்கள், பெண்டாட்டி ரெட்டைப் பிள்ளை பெற்றாலும் "மோசமில்லை" என்பார்கள், செத்துப் பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனை எப்படியப்பா இருக்கிறாய் என்று கேட்டால் அவனும் அதே "மோசமில்லை"தான். அப்பேர்ப்பட்ட ஊரின் ஆற்றோரத்தில் ஐந்து தலைமுறையாக ஆக்கர்லி குடும்பம் ஒரு கம்பளித் துணி மில்லை நடத்தி வந்தது. நெய்த துணியைக் கல்யாண மோதிரத்துக்குள் விட்டு அந்தப் பக்கம் இழுத்துவிடலாம், அவ்வளவு நைஸ். அதில் மில்லுக்குள்ளேயே கோட்டும் சூட்டும் தைத்து லண்டன் பெரிய மனுஷர்களுக்கு அனுப்புவார்கள், அதைப் போட்டுக்கொண்டவர்கள் வழக்கில் ஜெயித்தார்கள், பாங்கு வாங்கினார்கள், அடுத்தவன் பெண்டாட்டியையும் ஒன்றிரண்டு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள், எல்லாமே மடிப்புக் கலையாமல்.

அந்த மில்லில்தான் நம்ம தவமணி வேலை பார்த்தாள். அன்னூர்ப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு வாயைவிட நீளம். அவள் புருஷன் சென்னியப்பன் கோயமுத்தூர் மில்லில் தறி ஃபிட்டராக இருந்தவர், ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து "சீமைக்குப் போறோம்" என்று இரண்டு டிக்கெட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போன மனுஷர். போலாமா என்று கேட்கவில்லை. வந்தார்கள். அவர் தறிக்கூடத்தில் இரும்போடு மல்லுக்கட்ட, இவள் துணி சரிபார்க்கிற கூடத்தில் சேர்ந்தாள். தறியிலிருந்து இறங்கிய துணியைச் சாய்வு மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரலால் தடவி, அறுந்த இழை, விட்டுப்போன இழை, முடிச்சு எல்லாவற்றையும் ஊசியாலும் சின்ன இடுக்கியாலும் ஒழுங்கு பண்ணுவது அவள் வேலை. பக்கத்து மேஜை டோரீன். டோரீன் எல்லோரையும் "கண்ணு" என்று அர்த்தம் வருகிற ஒரு உள்ளூர்ச் சொல்லால்தான் கூப்பிடுவாள், அந்த ஊரில் பஸ் டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவான், அந்த ஒரு சொல்லுக்காகவே தவமணி அந்தக் குளிரை மன்னித்துவிட்டிருந்தாள்.

சென்னியப்பன் பேசமாட்டார். சண்டைக்காரர் இல்லை, குடிகாரர் இல்லை, கட்டின பெண்டாட்டியை ஒரு சொல் கடிந்ததில்லை, ஆனால் பேசமாட்டார். எதைச் சமைத்துப் போட்டாலும் "ம்". எந்தப் புடவை கட்டி நின்றாலும் "ம்". தவமணி அந்த "ம்"களைத் தராசில் போட்டு நிறுத்து நிறுத்துப் பார்த்து, இது கொஞ்சம் நீளமாக வந்ததே, நன்றாக இருக்கிறது என்கிறாரோ, இது வெடுக்கென்று வந்ததே, உப்பு பத்தவில்லையோ என்று குழம்பி, கடைசியில் டோரீனிடம் புலம்புவாள்.

"இந்த மனுசன் என்கூட சந்தோசமா இருக்காரா இல்லியான்னு நான் சாகறதுக்குள்ள தெரிஞ்சா போதும் டோரீன்."

"எங்க ஊர்ல யாருக்குக் கண்ணு அது தெரியுது?" என்பாள் டோரீன்.

தெரிகிற காலம் வந்தது. ஒரு இலையுதிர் காலத்தில், உள்ளூர் பாங்கு மேனேஜர் ஆக்கர்லி மில்லில் புதுசாகத் தைத்த சாம்பல் சூட்டோடு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது, மகளுக்குப் பிரசவம் ஆயிற்று, தாயும் பிள்ளையும் சுகம் என்று போன் வந்தது. அவர் "மோசமில்லை" என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த கையோடு வலது தோளில் வெள்ளை வெளேரென்று கம்பளி முளைத்தது. அப்புறம் இடது தோளில். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முதுகெல்லாம் சுருள் சுருளாக இறங்கி, கையெழுத்துப் போடும்போது மணிக்கட்டிலிருந்து அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் அவர் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல், இன்றைக்குக் காற்று கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்று பேசிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சூட்டு மில்லுக்கு வந்தது. சின்னக் குறை என்று சீட்டுப் போட்டிருந்தார் மேனேஜர். தவமணியும் டோரீனும் வேறென்ன செய்வார்கள், துணியில் ரோமம் நீட்டிக்கொண்டிருந்தால் அது குறைதானே, இடுக்கியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி, கோழி உரிக்கிற மாதிரி உரித்து, வழவழவென்று இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் போட்டுப் பார்த்த மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோய், வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி முளைத்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பல் டாக்டருக்குப் பல் பிடுங்கும்போதெல்லாம் முளைக்கிறது என்று தெரிந்ததும் பாதி ஊர் வேறு டாக்டரைத் தேடிப் போனது. பாதிரியாருக்குப் பிரசங்கத்தின் கடைசி வரியில் முளைத்தது. சொத்துக்காரப் பெரியம்மாவின் சவ அடக்கத்தில் கைக்குட்டையும் கண்ணீருமாக நின்ற தங்கை மகனுக்குக் கறுப்புக் கோட்டிலிருந்து முழங்கால் வரைக்கும் மளமளவென்று இறங்க, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சவப்பெட்டியைப் பார்த்து, நல்ல வேளை, காற்று அடங்கிவிட்டது என்றார்கள். அன்றைக்குத்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது: போட்டிருக்கிறவன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டால் ஆக்கர்லி கோட்டில் கம்பளி முளைக்கும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கிரிம்பிள்டனில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஏன் முளைத்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆற்றுத் தண்ணீர் என்றார்கள், புதிதாக வாங்கிய கிடாயின் வம்சம் என்றார்கள். பெரிய ஆக்கர்லி, அதாவது மில் முதலாளி, ஆறடி உயரம், அறுபது வயசு, இருமுவதற்கே மன்னிப்புக் கேட்கிறவர், தவமணியின் மேஜைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "நீங்கள் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் மஞ்சளாக ஏதோ வைக்கிறீர்களாமே?"

"ஆமாங்க. புதுத் துணிக்கு மஞ்சத் தொட்டு வெக்காம எங்கூர்ல உடுத்தமாட்டாங்க. நான் வந்த நாள்ல இருந்து வெக்கறனுங்க. அப்பவெல்லாம் முளைக்கலியே!"

ஆக்கர்லி நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "தொடர்ந்து வையுங்கள். நிறுத்தினால் என்ன முளைக்குமோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரண ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

ஊர் சுதாரித்துக்கொண்டது. நாவிதர் கடையில் முடிவெட்டு, முகச்சவரம் என்று எழுதியிருந்த பலகையில் கோட்டுச்சவரம் என்று மூன்றாவதாக ஒன்று ஏறியது. மலைமேல் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தவன் சனிக்கிழமைகளில் கத்தரிக்கோலோடு சாராயக் கடைக்கு வந்து, குடித்துவிட்டுக் குஷியாக இருக்கிற ஆம்பளைகளை ஒவ்வொருத்தராகக் கவிழ்த்துப் போட்டுக் கத்தரித்துவிட்டு, கம்பளியை மூட்டை கட்டி மில்லுக்கே கொண்டுபோய்ப் போட்டான், அதை நூற்று நெய்து மறுபடி கோட்டாக்கினார்கள், அந்தக் கோட்டு இன்னும் சீக்கிரம் முளைத்தது. லண்டன்காரர்கள் முதலில் கோபமாகத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு, முளைக்காதவனைத்தான் நாலு பேர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று ஆனதும், இரண்டிரண்டாகக் கேட்டு எழுதினார்கள். முளைக்காத கனவான்கள் சிலர் கடையில் பஞ்சு வாங்கிப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு விருந்துக்குப் போனதாகவும் கேள்வி.

பெண்டாட்டிமார்களுக்குத்தான் புது வேலை. புருஷன் வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தைப் பார்க்கிற வழக்கம் போய்த் தோளைப் பார்க்கிற வழக்கம் வந்தது. அதே மில்லில் வேலை பார்க்கிற டோரீனின் புருஷனுக்கும் முளைத்தது.

"நான் எங்க அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினதும் முளைக்குது கண்ணு. ஜன்னல் வழியா பார்த்தேன். பஸ் திரும்பறதுக்குள்ள செம்மறி ஆடு மாதிரி நிக்கறான்" என்று டோரீன் சொன்னபோது தவமணிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் சென்னியப்பனுக்கும் கோட்டு வரப்போகிறது. அந்த மில்லில் கால் நூற்றாண்டு வேலை பார்த்த ஆம்பளைக்கு முதலாளி வீட்டார் தங்கள் கையாலேயே உசத்தியான துணியில் ஒரு சூட்டு தைத்துக் கொடுப்பது ஐந்து தலைமுறை வழக்கம். பொம்பளைகளுக்கு வெள்ளிக் கத்தரிக்கோல். தைக்கிற வேலை இல்லாததால் தவமணியின் கத்தரிக்கோல் முன்னாலேயே வந்து, மல்லித்தழை கிள்ளிக்கொண்டிருந்தது.

கோட்டு வந்தது. கருநீலம், மயில் கழுத்து மாதிரி ஒரு பளபளப்பு. சென்னியப்பன் போட்டுக்கொண்டு நின்றபோது, அடேயப்பா, இந்த மனுஷனுக்கா கழுத்தை நீட்டினோம் என்று தவமணிக்கே கொஞ்சம் வெட்கம் வந்துவிட்டது.

"எப்படிங்க இருக்குது?"

"ம்."

தோளைப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

சரி, புதுசு, பழக வேண்டும் என்று விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போடச் சொல்லி, உட்கார வைத்து, அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய்யை நெய்யென்று பார்க்காமல் ஊற்றினாள். "ம்." தோளில் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் போளி மாதிரி ஒப்பிட்டு சுட்டாள், அதற்கடுத்த வாரம் கச்சாயம் என்கிற வெல்லப் பணியாரம், எண்ணெய்ப் புகை பட்டு வீட்டின் நெருப்பு மணி அலறி தீயணைப்பு வண்டி வந்தது, வந்தவர்களும் உட்கார்ந்து தின்றார்கள், அவர்களில் ஒருவன் ஆக்கர்லி கழுத்துத்துணி கட்டியிருந்தான், அது குஞ்சலம் குஞ்சலமாகப் பூத்தது, சென்னியப்பன் கோட்டு மட்டும் வழுக்கைத் தலையாட்டம் அப்படியே இருந்தது. ஒரு தடவை காலரில் ஒரே ஒரு வெள்ளை முடி கண்டு, "மாரியாத்தா!" என்று அலறிக்கொண்டு பூதக் கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பூனை முடி.

ஊர் கவனித்தது. ஊர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எழவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி ஆளாளுக்கு கேக் சுட்டுக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள். "எங்க சித்தப்பாவுக்கும் கடைசி வரைக்கும் முளைக்கலை கண்ணு, நல்லவருதான்" என்று டோரீன் முதுகைத் தடவினாள். போதாக்குறைக்கு விஷயம் எப்படியோ கடல் தாண்டிப் போய், சென்னியப்பனின் தங்கச்சி அன்னூரிலிருந்து போன் போட்டாள்.

"ஏனுங்கண்ணி, எங்கண்ணன் இங்கிருக்கறப்ப சிரிச்ச மொகமா இருந்தவராச்சே. அங்க கொண்டுபோயி என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

கொண்டுபோனது யார்? தவமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டு, துவைத்துப் போட்டு, இவர் "ம்"முக்கு அர்த்தம் தேடியே என் மூளை தேய்ந்ததே, என்னோடு இவருக்கு ஒரு மயிரளவு சந்தோஷம்கூட இல்லையா என்று கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது அவளுக்கு வேறொன்று தோன்றியது. குறை மனுஷனிடம் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? துணியில் இருக்கலாமே!

மறுநாள் கோட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்வு மேஜையில் விரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் இழை இழையாகத் தடவினாள். டோரீனும் தடவினாள். கூடத்திலிருந்த அத்தனை பொம்பளைகளும் தடவினார்கள். ஒரு குறை இல்லை. அதற்குள் துணியில் குறை என்று யாரோ சொன்னது காதில் விழுந்து பெரிய ஆக்கர்லி மூச்சிரைக்க வந்துவிட்டார், தறிக்கூடத்திலிருந்து சென்னியப்பனையும் கூப்பிட்டு அனுப்பினார், அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து ஓரமாக நின்றார், வேடிக்கை பார்க்க மில்லிலிருந்த மற்ற ஆம்பளைகளும் பின்னாலேயே வந்தார்கள்.

"இந்தக் கோட்டு ரிப்பேருங்க" என்றாள் தவமணி.

ஆக்கர்லி காது சிவந்தது. "ஐந்து தலைமுறையில் எங்கள் துணியை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. சந்தோஷமாக இருக்கிற யாராவது ஒருவர் போட்டுப் பார்க்கட்டும், அப்போது தெரியும்." சொல்லிவிட்டுச் சுற்றிலும் இருந்த ஆம்பளைகளைப் பார்த்தார். ஆம்பளைகள் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். முளைத்தாலும் வம்பு, முளைக்காவிட்டாலும் வம்பு.

"குடுங்க இங்க" என்று கோட்டைப் பிடுங்கினாள் தவமணி. "என்னைவிட சந்தோசமா இருக்கறவ இந்த ஊர்ல எவ?"

புடவைக்கு மேலே, ஸ்வெட்டருக்கு மேலே, கோட்டைப் போட்டு மூன்று பொத்தானையும் பூட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். கை நீளம் விரலை மூடியது. அந்த மில்லில் தைத்த கோட்டுக்குள் ஒரு பொம்பளை ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. புருஷன் தோளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன ஒருத்திக்கும் அது அதுவரை தோன்றியிருக்கவில்லை.

நின்றாள். தோளைப் பார்த்தாள். இடது தோளைப் பார்த்தாள். கையைத் தூக்கிக் கக்கத்தைப் பார்த்தாள்.

ஒன்றும் முளைக்கவில்லை.

கூடமே ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. "மேகம் கொஞ்சம் விலகுகிற மாதிரி இருக்கிறது" என்றார் ஆக்கர்லி. டோரீன் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தவமணி முதலில் சிரித்தாள், நான் சொல்லலியா, ரிப்பேர்தான் இது என்றாள், அப்புறம்தான் அவளுக்கே புரிந்தது. ஊரிலிருந்து யார் போன் போட்டாலும் நல்லா இருக்கறேன், நல்லா இருக்கறேன் என்று சொல்லிச் சொல்லி, அது வாய்ப்பாடு மாதிரி ஆகி, அவளே அதை நம்பிவிட்டிருந்தாள். அம்மா செத்தபோது பிளேன் கிடைக்காமல் பால் தெளித்த பிறகு போய்ச் சேர்ந்தவள், அப்போதும் நல்லாத்தான் இருக்கறேன் என்று சொன்னவள். கோட்டுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அவமானத்தில் அவளுக்குப் பொத்தானைக் கழற்றவும் கை வரவில்லை.

அப்போது சென்னியப்பன் முன்னால் வந்தார்.

"தவமணி" என்றார். இந்தா, ஏய், இங்க பாரு என்பதல்லாமல் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது. "இங்க வந்ததுல உனக்கு சந்தோசம் இல்லியா?"

அவ்வளவுதான். மடை உடைந்தது.

"இப்பக் கேக்கறீங்களா? ஏனுங்க, இப்பவா கேக்கறீங்க? அன்னிக்கு டிக்கெட்ட வெச்சுட்டுக் கை கழுவப் போனீங்களே, அப்பக் கேட்டீங்களா? குளிர்ல வெரலு வெடிச்சு ரத்தமா வந்துதே, அப்பக் கேட்டீங்களா? இந்த ஊர்ல ஒருத்தியும் சண்டைக்கு வரமாட்டீங்கறா, அவ குப்பைய என் வாசல்ல கொட்டுனாக்கூட நாந்தான் மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்குது, சண்ட போடாம என் நாக்கு துருப்புடிச்சுப் போச்சு, அது தெரியுமா உங்களுக்கு? எங்கம்மா மொகத்தப் பாக்காம வந்து நின்னனே, ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, போவுட்டும் புள்ளன்னு ஒரு வார்த்த? அன்னிக்கும் 'ம்'முதான! உங்க 'ம்'ம வெச்சுட்டு நான் என்னத்தப் பண்றது, தாளிக்கவா?"

திட்டினாள், நிறுத்தாமல் திட்டினாள், தமிழில் திட்டினாள், ஒரு சொல் புரியாத பொம்பளைகளெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள், சிலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். திட்டுகிற வேகத்தில் அவள் கவனிக்கவில்லை, சென்னியப்பன்தான் கவனித்தார்: வலது தோளில் வெள்ளையாக ஒரு சுருள் எட்டிப் பார்த்தது. அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், அதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கேட்டால் அவள் நிறுத்திவிடுவாளே.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறமா? அப்பறம் கேளுங்க!" என்று அவள் அடுத்ததை எடுத்தாள். இடது தோளில் முளைத்தது.

"வேறென்ன?" என்றார்.

அவர் கேட்கக் கேட்க, அவள் திட்டத் திட்ட, கம்பளி மார்பில் இறங்கி, கையில் இறங்கி, பொத்தான்களைத் தெறிக்கவிட்டு, புடவைக் கொசுவத்தை மூடி, தரையைத் தொட்டுச் சுருண்டு, மேஜைக்கடியில் போய், ஆக்கர்லி மரியாதையாக ஒரு அடி பின்னால் நகர வேண்டியதாயிற்று. ஐந்து தலைமுறையில் எந்தப் பெரிய மனுஷனுக்கும் அந்த அளவுக்கு முளைத்ததில்லை. "மோசமில்லை" என்று முணுமுணுத்தவர், சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அற்புதம்! அற்புதம்!" என்று கத்தியேவிட்டார். டோரீன் அதற்குள் ஆம்பளைகள் பக்கம் திரும்பி, தன் புருஷனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "கோட்டைக் கழட்டு." ஒவ்வொருத்தியும் எழுந்து ஒவ்வொரு கோட்டாக வாங்கினாள். கிரிம்பிள்டன் ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு நடுக்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

தவமணி மூச்சு வாங்க நின்றபோதுதான் குனிந்து தன்னைப் பார்த்தாள். முகவாய் வரைக்கும் கம்பளி. அதற்கு மேலே அவள் கண் இரண்டும் ஈரமாக மினுங்கின.

"இது என்னுங்க கூத்து" என்றாள் மெதுவாக. பிறகு, "நீங்க?" என்றாள்.

சென்னியப்பன் வழக்கம்போல "ம்" என்று ஆரம்பித்தார். அப்புறம் கோட்டைக் காட்டி, கழட்டிக் குடு, போட்டுக் காட்டறேன் என்கிற மாதிரி கையை நீட்டினார்.

"கோட்டும் வேண்டாம் கீட்டும் வேண்டாம். வாயத் தொறந்து சொல்லுங்க."

தறி நின்றால் காது வைத்தே எங்கே பழுது என்று சொல்கிறவர், ஒரு வாக்கியத்தைத் தேடித் தவித்தார். "பயம்" என்றார் கடைசியில். "கேட்டா நீ ஊருக்குப் போறேன்னு சொல்லிருவீன்னு பயம். நீ போயிட்டா நான் என்ன பண்றது? அதுனால கேக்கவே இல்ல. தெனமும் கேக்கோணும் கேக்கோணும்னுதான் வீட்டுக்கு வருவேன். சோத்தப் போட்டுருவே. வாய் அடச்சுக்கும். எந்த நேரமும் பயந்துட்டு இருக்கறவனுக்குக் கோட்டுல எங்கிருந்து புள்ள முளைக்கும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் நீளம். தவமணிக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கம்பளியில் இரண்டுக்கும் கை எட்டவில்லை.

"டிக்கெட் போடட்டா?" என்றார் சென்னியப்பன். இந்தத் தடவை கேட்டார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தோளை அல்ல, முகத்தை. பிறகு மூட்டையும் முடிச்சுமாக வாசலைப் பார்த்துத் திரும்பினாள், அந்த வாசலில் அவள் நுழைய முடியாது என்று கம்பளிப் பொதி இறக்குகிற பெரிய கதவைத் திறக்க நாலு பேர் ஓடினார்கள்.

"டிக்கெட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கல. வாங்க வீட்டுக்கு."